ஆர்.கே.புரத்தில் கேட்ட புயல்

வியாழக்கிழமை, பிற்பகல் 2.15. புது தில்லி ரயில் நிலையம்.

ஈரோட்டில் ஏறி இரண்டு இரவுகளையும் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டரையும் கடந்து வந்த ரயில், கடைசி அரை மணி நேரத்தை ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்றே கழித்தது. இறங்கியபோது பகலா மாலையா என்று சொல்ல முடியவில்லை. நவம்பர் கடைசியின் தில்லி வெயில், பால் கூடிப்போன தேநீரின் நிறத்தில் நடைமேடைமேல் கிடந்தது. காற்று என்ற ஒன்று இல்லவே இல்லை. ஒரு சுமைதூக்கி பீடியை இழுத்து ஊதிவிட்டு நடந்துபோனார். அவர் போன பிறகும் புகை அவர் நின்ற இடத்திலேயே நின்றது.

என் எதிர் இருக்கையில் வந்தவர் ராணுவத்தில் சமையல் பிரிவில் இருப்பவர், பட்டுக்கோட்டைக்காரர். போபால் தாண்டியதிலிருந்து கைபேசியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், நம்ம பக்கம் புயல் சின்னம் உருவாயிருக்காம்."

"நம்ம பக்கம்னா?"

"வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம். எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கு சார். போன பெரும்புயல்ல அத்தனையும் படுத்துடுச்சு. மறுபடி வச்சு, இப்பதான் பாளை தள்ளுது." பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இங்க மாதிரி காத்தே இல்லாத ஊர்ல பொறந்திருக்கலாம்."

நான் பிறந்ததும் அப்படிப்பட்ட ஊர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மஞ்சள் தடத்தில் ஹௌஸ் காஸ் வரை போய், மெஜந்தா தடத்துக்கு மாறி, ஆர்.கே.புரத்தில் இறங்கினேன். கட்டணம் 43 ரூபாய். நிலையத்திலிருந்து குடியிருப்புக்கு ஆட்டோவில் 60 ரூபாய். தில்லிக்கு நான் வந்த வேலை சிறியது. தமிழ்நாட்டுக் கடற்கரையைத் தாக்கிய புயல்களை ஆண்டுவாரியாகத் தொகுப்பது என் பொழுதுபோக்கு. இங்கே ஒரு பழைய நூலகத்தில் இருக்கும் சில அறிக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று பல காலமாக ஆசை. தங்க இடம் கொடுத்தவர் சேகர். ஒரு காலத்தில் ஈரோட்டில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இப்போது மத்திய அரசில் பிரிவு அலுவலர்.

"மெட்ரோல கஷ்டமா சார்? ஜல்தி வந்து கூட்டிட்டு வந்துடலாம்னு பாத்தேன், செக்‌ஷன்ல விடல," என்றார் கதவைத் திறந்தபடி.

அவர் மனைவி கஸ்தூரி, பக்கத்துப் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியை. வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் அவர் பிறந்த ஊர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் இனியா, தில்லியிலேயே பிறந்தவள். "வணக்கம் அங்கிள். நான் தமிழ் பேசுவேன், ஆனா ஸ்லோவா," என்று முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பினாள்.

அதன் திரையில் வங்கக்கடல் இருந்தது. காற்று ஓடும் திசையைக் கோடுகளாகக் காட்டும் படம் அது. ஆயிரக்கணக்கான வெள்ளை இழைகள் நீலத்தின்மேல் சுழன்று சுழன்று ஒரு புள்ளியைச் சுற்றி வந்தன. பார்க்கப் பார்க்கத் தூக்கம் வருவது போன்ற அழகு. பூமியின் தலைச்சுழி போல இருந்தது. கஸ்தூரி கையில் கரண்டியோடு வந்து அதைப் பார்த்தார். திரையின் இடது ஓரத்தில், கரை மூக்குப்போல் நீளும் இடத்தில் விரலை வைத்தார்.

"இதுதாண்ணே எங்க ஊரு," என்றார்.

விரலை எடுத்தபோது அந்த இடத்தில் மாவு ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, காலை 10 மணி.

நூலகத்துக்குப் பேருந்தில் போனேன். வழியெல்லாம் மரங்கள் அசையாமல் நின்றன. ஓர் இலை விழுந்தால்கூட நேராக, கயிற்றில் இறங்குவது போல விழுந்தது. நூலகத்தின் உயரமான ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து பழைய அறிக்கைகளைப் புரட்டினேன். கரையேறிய தோணிகள், உப்பளத்துக்குள் புகுந்த கடல், எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்குக் காற்று வீசியது என்ற விவரம். பழுப்பேறிய தாளில் எல்லாமே வெகு காலத்துக்கு முன் அமைதியாகிவிட்ட விஷயங்கள். பிற்பகலில் பக்கத்து மேசைக்காரர் புத்தகத்தின்மேல் தலை வைத்துத் தூங்கினார். எனக்கும் கண் செருகியது.

மாலையில் வீடு திரும்பினால் அங்கே தூக்கம் இல்லை. கஸ்தூரி கூடத்தில் நின்றபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் அவருடைய ஒரே தம்பி முருகையன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

"பொண்டாட்டி புள்ளைவோ போயிட்டாங்கல்ல? நீயும் போயேண்டா."

"போவலாம்க்கா. எங்க தெருவு காவல் மொறை எனக்கு வந்துட்டே."

"எந்த மொறை வந்தா என்ன?"

"நல்லாருக்கு. பக்கத்து வூட்டு மாமா போன தடவ இருந்தாரு, எதுத்த வூட்டுப் பெரியப்பா அதுக்கு முந்தி இருந்தாரு. என் மொறை வந்தா மட்டும் நான் பாயச் சுருட்டிக்கிட்டு ஓடணுமா?"

அழைப்பு முடிந்ததும் சேகர்தான் எனக்கு விளக்கினார். அந்த ஊரில் மூன்று தெருக்கள். புயல் வருகிறது என்றால் படகுகளைக் கரையில் வெகுதூரம் இழுத்து ஒன்றோடொன்று கட்டுவார்கள். எஞ்சின்களைக் கழற்றி, வலைகளையும் சேர்த்து மீன் ஏலக்கூடத்தில் குவிப்பார்கள். பிறகு ஊரே ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடும். எல்லாரும் போக வேண்டும் என்பது அரசு உத்தரவு. தெருவுக்கு ஓர் ஆள் கரையில் காவல் இருக்க வேண்டும் என்பது ஊரின் ஏற்பாடு. அதிகாரிகள் கண்ணில் படாமல் மூன்று பேர் ஏலக்கூடத்தில் தங்கிவிடுவார்கள். இந்த முறை முருகையனோடு மற்ற இரண்டு தெருக்களிலிருந்து செல்வமும் அந்தோணியும்.

"புயலடிக்கிறப்ப யாரு சேகர் திருட வரப்போறாங்க?" என்று கேட்டேன்.

"நானும் முருகையன்கிட்ட கேட்டிருக்கேன் சார். திருட்டுக்கு இல்லையாம். தண்ணி ஏறுனா வலையைத் தூக்கி மேல போடணும், கயிறு தளர்ந்தா இறுக்கணும். 'இது வேலை மச்சான், வீரம் இல்ல'ன்னான்."

ஏலக்கூடம் என்பது கற்தூண்களின்மேல் தகரக்கூரை. மூன்று பக்கம்தான் சுவர். கடலைப் பார்த்த பக்கம் திறந்திருக்கும்.

சனிக்கிழமை, காலை 11 மணி. குடியிருப்புப் பூங்கா.

அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. தில்லிக் குளிர்காலத்தில் விடுமுறை நாள் என்றால் எல்லாரும் வெயிலைத் தேடி வெளியே வந்துவிடுகிறார்கள். பூங்காவின் புல்மேல் ஜமுக்காளங்கள் விரிந்திருந்தன. ஆரஞ்சுத் தோல்களும் வேர்க்கடலைத் தொலிகளும் சிதறிக் கிடந்தன. முள்ளங்கியை நீளமாக நறுக்கி உப்பும் எலுமிச்சையும் தடவிய தட்டு ஒன்று குடும்பம் குடும்பமாகக் கைமாறிக்கொண்டிருந்தது. வெயில் நகர நகர ஜமுக்காளங்களும் ஒரு முழம், இரண்டு முழம் என்று நகர்ந்தன.

எங்கள் ஜமுக்காளத்தின் நடுவில் கஸ்தூரியின் கைபேசி இருந்தது. அந்த ஊரில் முந்தின இரவே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கோ ஒரு கோபுரம் மட்டும் உயிரோடு இருந்தது போலும். முருகையன் அரை மணிக்கொரு தரம் தானே அழைத்தார்.

"அக்கா, கேக்குதா?"

கேட்டது. பெரிய துணி ஒன்றை யாரோ கிழிக்க ஆரம்பித்து, கிழித்து முடியாமல் கிழித்துக்கொண்டே இருப்பது போன்ற சத்தம். அதற்கு அடியில் தகரம் படபடத்தது. நடுவே மரம் முறிவதுபோல் ஒன்று. ஜமுக்காளத்தைச் சுற்றிப் புல் அசையாமல் இருந்தது. ஓர் எறும்பு கைபேசியின் விளிம்பில் ஏறி நடந்தது.

பக்கத்து ஜமுக்காளத்துப் பஞ்சாபிக்காரர் வேர்க்கடலையைக் கையில் வைத்தபடி உடைக்க மறந்தார். "யே ஹவா ஹை?" என்று சேகரிடம் கேட்டார். இது காற்றா? ஆமாம் என்றதும் தன் மனைவியை அழைத்துக் கேட்கச் சொன்னார். இன்னும் சிலர் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது.

பெஹரா ஆன்ட்டி மட்டும் வரவில்லை. மேல்மாடிக்காரர். ஒடிசாவிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாக அதே கட்டடத்தில் இருப்பவர் என்று காலையில் அறிமுகமாகியிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, மோடா என்னும் மூங்கில் இருக்கை ஒன்றில் உட்கார்ந்து நீல நிற நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

பகல் ஒன்றரை மணியளவில் ஓர் அழைப்பு வந்தது. எடுத்ததும் கஸ்தூரியின் முகம் மாறியது. சத்தமே இல்லை.

"தம்பி? தம்பி?"

"இருக்கேங்க்கா." குரல் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக இருந்தது. "நின்னுட்டுக்கா! பொசுக்குனு நின்னுட்டு. வெயிலே வந்துட்டு. கூரை அப்புடியே இருக்கு, எஞ்சினு எல்லாம் பத்தரமா இருக்கு."

வட்டம் கைதட்டியது. பஞ்சாபிக்காரர் "வாஹே குரு" என்று கண்ணை மூடித் திறந்தார். யாரோ சமோசா வாங்கப் பையனை அனுப்பினார்கள். சேகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கஸ்தூரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், வீடியோ போடேன். கடலப் பாத்து ஏழு வருசமாச்சு. இனியா ரெண்டாங்கிளாஸ்ல பாத்தது."

"இரு, கரைக்குப் போயி காட்டுறேன். மருமவளக் கூப்புடு."

படம் வந்தது. முதலில் அவர் முகம், நனைந்த தலை, பல் தெரியும் சிரிப்பு. பிறகு திருப்பினார். 

தென்னைகள் எல்லாம் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தன. வரிசை கலையாமல், யாரோ படுக்க வைத்ததுபோல். அவற்றின்மேல் இளமஞ்சள் வெயில். மணலில் கடற்பறவைகள், நூறு இருக்கும், பறக்காமல் உட்கார்ந்திருந்தன. முருகையன் அவற்றுக்கு நடுவே நடந்தார். அவை எழவில்லை, தலையை மட்டும் திருப்பின. கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. அது இருந்த இடத்தில் சேறு பளபளத்தது. தொலைவில் வானத்தின் விளிம்பைச் சுற்றிலும் சுவர்போல மேகம். உச்சியில் மட்டும் ஒரு வட்டமான வெளிர்நீலம். தூங்கி விழித்த குழந்தையின் கண்போல அது எங்களைப் பார்த்தது.

"கித்னா சுந்தர்," என்றாள் ஒரு பெண். எவ்வளவு அழகு.

புயல்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பு அப்போது எனக்குத் துணைக்கு வரவில்லை. நானும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மாமா, அந்த பேர்ட்ஸ் கிட்ட போங்க!" என்றாள் இனியா.

"ஒனக்கு இல்லாத பறவையா? ஒண்ணு புடிச்சு டெல்லிக்கு அனுப்பவா?"

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"ஹவா ருக் கயா?"

காற்று நின்றுவிட்டதா என்று பெஹரா ஆன்ட்டி கேட்டார். ஊசிகள் கையில் நின்றிருந்தன. ஆமாம் ஆன்ட்டி, முடிந்தது, மாமா கடலைக் காட்டுகிறார் என்று இனியா இந்தியில் சொன்னாள். ஆன்ட்டி எழுந்தார். நூல்கண்டு மடியிலிருந்து விழுந்து புல்லில் உருண்டது. வட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். அந்தச் சேற்றையும் பறவைகளையும் மேகச் சுவரையும் பார்த்தார்.

"கதம் நஹி ஹுவா. ஆதா ஹுவா ஹை. ஆதா!" முடியவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. "அவனை உள்ளே போகச் சொல். இப்போதே. இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். கடலையும் கூட்டிக்கொண்டு வரும்."

இந்தியில் சொன்ன இதையெல்லாம் இனியா தன் தமிழில் கைபேசிக்குள் சொன்னாள்.

"மாமா, ஆன்ட்டி சொல்றாங்க, இது பாதிதான். இன்னும் பாதி உல்டாவா வரும். சமுந்தர் கூட வரும். நீங்க உள்ள போகணும்."

முருகையன் சிரித்தார். "டெல்லியில உக்காந்துக்கிட்டு எந்த ஆன்ட்டிடி எனக்குக் கடலு சொல்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புயலின் கண், அதன் நடுவில் இருக்கும் அமைதி வட்டம். "கஸ்தூரி, அவங்க சொல்றது சரி. பாதுகாப்பு மையத்துக்குப் போகச் சொல்லுங்க. ஏலக்கூடம் வேண்டாம். கடல் பக்கம் சுவர் இல்ல," என்றேன்.

கஸ்தூரி கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தார். "தம்பி, மையத்துக்குப் போயிடு. அக்கா சொல்றேன்."

"காவல வுட்டுட்டா? காலையிலேருந்து அடிச்ச அடிக்கு நின்னுட்டு, வெயிலு வந்தப்பறம் ஓடிப்போனேன்னா ஊருல என்ன சொல்லுவானுவோ?"

"என்னவேணா சொல்லட்டும். நான் வந்து கேட்டுக்குறேன்."

"நீ ஏழு வருசமா வரல. இதுக்கு வரப்போறியாக்கும்."

கஸ்தூரி திரும்பிப் பெஹரா ஆன்ட்டியைப் பார்த்தார். 

பெஹரா ஆன்ட்டி அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டார். திரையை முகத்துக்கு வெகு அருகில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இந்தியில் ஆரம்பித்தது; இரண்டாவது வாக்கியத்தில் ஒடியாவாக மாறிவிட்டது. எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அவர் அழுகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"யாருக்கா இது?" முருகையனின் குரலில் சிரிப்பு இல்லை. "ஏன் அழுவுறாங்க?"

இனியா ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் கேட்டாள். ஆன்ட்டி மூச்சு வாங்கி, இந்திக்குத் திரும்பி, நாலைந்து வார்த்தைகள் சொன்னார்.

இனியா கைபேசியிடம் குனிந்தாள். "மாமா... ஆன்ட்டிக்கு ஒரு தம்பி. அவங்க ஊர்லயும் இப்படி காத்து நின்னுச்சு. வெயில் வந்துச்சு. அவர் போட் பாக்க வெளில போனாரு."

"அப்பறம்?"

"அப்புறம் வரல."

திரையில் மணல் மட்டும் தெரிந்தது. கையைத் தொங்கவிட்டு நின்றிருக்கிறார். பறவை ஒன்று படத்தின் ஓரத்தில் அலகால் இறகைக் கோதிக்கொண்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மனிதர் யோசிப்பதை ஒரு பூங்காவே நின்று பார்த்தது.

பிறகு மணல் அசைந்தது. வேகமாக அசைந்தது. "செல்வம்! டேய் செல்வம்! வுடுடா அத. அந்தோணிய இழுத்துக்கிட்டு வா. கேள்வி கேக்காத, வாடா!" ஓடும் கால்கள், சேறு, விழுந்த தென்னையின் பட்டை, ஒரு துண்டு வானம். அந்தத் துண்டு வானத்தில் சுவர்போன்ற மேகம் முன்பைவிட அருகில் இருந்தது. படம் உறைந்தது. பிறகு கைபேசி தன் வழக்கமான பூப்படத்துக்குத் திரும்பிவிட்டது.

சனிக்கிழமை, மாலை.

அதன்பின் அந்த எண் கிடைக்கவில்லை. முருகையனின் மனைவி எண்ணும் கிடைக்கவில்லை. சமோசாக்கள் வந்து ஆறிப்போயின. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் மட்டும் பூங்காவின் கிழக்கு மூலைக்குப் போனது; ஜமுக்காளங்களை நகர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நிழலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

"கரைக்குப் போன்னு நான்தாண்ணே சொன்னேன்," என்றார் கஸ்தூரி. "ஏலக்கூடத்துலதான் இருந்தான். கடலக் காட்டுன்னு நான்தான் கேட்டேன்."

"கூடத்துலயே இருந்திருந்தா அதுவும் ஆபத்துதான்மா."

"தெரியுது. ஆனா கேட்டது நான்."

பெஹரா ஆன்ட்டி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பதினோரு ஆண்டுகளாக ஒரே மாடிப்படி; ஒரே பால்காரர்; தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போகும், திரும்பி வரும். அவருக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.  உருண்டுபோன நூலைப் புல்லிலிருந்து எடுத்து, ஒட்டிய சருகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைக் கஸ்தூரி கையில் கொடுத்தார். கஸ்தூரியும் பிரிக்க ஆரம்பித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போனோம். படி ஏறி மேலே நின்றால் தில்லியின் தென்பகுதி தெரியும் என்று சேகர் சொல்லியிருந்தார். ஒன்றும் தெரியவில்லை. கீழே எல்லாம் சாம்பல் நிறப் பரப்பு. அங்கங்கே விளக்குகள், நங்கூரமிட்ட படகுகள்போல. அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர், "பேரு, நட்சத்திரம்?" என்றார். கஸ்தூரி தம்பியின் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் நினைவுக்கு வரவில்லை. "தெரியும், தெரியும்," என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். நட்சத்திரம் இல்லாமலே அர்ச்சனை நடந்தது. முருகன் முன்னால் அவர் கண்ணை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.20.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கஸ்தூரி எடுக்கவில்லை. கையை நீட்டிச் சேகரிடம் கொடுத்தார். சேகர் "ஹலோ" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, கிராம உதவியாளர் போன்லேருந்து பேசுறேன். சார்ஜு இல்ல, சுருக்கமா கேளு."

கஸ்தூரி அழுததில் அந்தச் சுருக்கமும் பாதி போய்விட்டது. முருகையன் மீண்டும் முதலிலிருந்து சொன்னார். மூவரும் மையத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தும்போதே தெற்கிலிருந்து அடித்துவிட்டது. முன்பு அடித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் அடித்தது. ஏலக்கூடம் இப்போது இல்லை. நான்கு தூண்கள் நிற்கின்றன. எஞ்சின்கள் சேற்றுக்கும் தகரத்துக்கும் அடியில் எங்கோ இருக்கின்றன. படகுகளில் பாதி உப்பளத்துக்குள் கிடக்கின்றன. வீடு நிற்கிறது, ஓடு இல்லை.

"ஊர்ல என்னடா சொன்னாங்க?"

"காலையில கூட்டம் போட்டாங்க. காவல வுட்டுட்டு எப்புடிடா வந்தீங்கன்னு கேட்டாங்க. டெல்லியிலேருந்து ஒரு அம்மா சொல்லிச்சுன்னேன். எல்லாரும் சிரிச்சானுவோ. 'டெல்லியில ஏதுடா கடலு?'ன்னாரு நாட்டாமை."

"நீ என்ன சொன்ன?"

"அந்த அம்மா தம்பியக் கடலுக்குக் குடுத்துட்டு டெல்லிக்குப் போனவங்கன்னேன். அப்பறம் ஒருத்தனும் சிரிக்கல. நாட்டாமை துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, இனிமே காவல் வேணாம், கயித்த ரெட்டையாக் கட்டுங்கன்னு எழுந்து போயிட்டாரு."  "அக்கா, அவங்க இருக்காங்களா?"

இனியா மாடிக்கு ஓடினாள். பெஹரா ஆன்ட்டி மாவு பிசைந்த கையோடு இறங்கி வந்தார். கைபேசியைத் தொட முடியாததால் இனியாவே அவர் காதருகில் பிடித்துக்கொண்டாள்.

முருகையன் தமிழில் பேசினார். "அம்மா, நல்லாருக்கோம்மா. மூணு பேரும் நல்லாருக்கோம்." ஆன்ட்டி ஒடியாவில் ஏதோ சொன்னார். இவர் "ஆமாம்மா" என்றார். அவர் மறுபடியும் சொன்னார். இவர் மறுபடியும் "ஆமாம்மா" என்றார். இனியா மொழிபெயர்க்கப் போகவில்லை.

"மருமவளே, ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. அவங்க தம்பி பேரு என்ன?"

இனியா கேட்டாள். ஆன்ட்டி தன் விரல்களில் ஒட்டியிருந்த மாவை உருட்டி எடுத்தார்.

"சுதாம்," என்றார்.

இரைச்சலுக்கு நடுவே அந்தப் பக்கத்திலிருந்து அதே பெயர் திரும்பி வந்தது. முருகையன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னொரு குரலும் அதைச் சொல்லிப் பார்த்தது. பிறகு கிராம உதவியாளர் போனைக் கேட்டு வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை, காலை.

நூலகத்தில் பார்க்க வேண்டிய கட்டு இன்னும் இரண்டு இருந்தது. நான் போகவில்லை. நிலையத்துக்கு ஆட்டோக்காரர் 260 ரூபாய் சொன்னார், 230 ரூபாய்க்கு வந்தார். குடியிருப்பைத் தாண்டும்போது பூங்கா காலியாக இருந்தது, அலுவலக நாள். பனியில் நனைந்த புல்லில் ஆரஞ்சுத் தோல் ஒன்று கிடந்தது. மேல்மாடிக் கொடியில் நீலக் கம்பளிக் கை ஒன்று, உடல் இன்னும் பின்னப்படாதது, காயப்போட்டிருந்தது. அது அசையவே இல்லை.

எங்கள் ஊருக்குப் புயல் என்றால் இரண்டு நாள் மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, சாயப்பட்டறைக் கொடிகளில் நூல் காயாது, வாய்க்காலில் செந்நீர். காற்று எங்கோ யார் வீட்டுக் கூரையையோ எடுத்துவிட்டு, தளர்ந்துபோய் எங்களிடம் வந்து சேர்கிறது. நாங்கள் போர்வையை இழுத்துக்கொண்டு, நல்ல குளிர்ச்சி என்கிறோம். தில்லிக்கு அந்த மழைகூட வருவதில்லை. ஆனால் ஆர்.கே.புரத்தில் அந்த மாடிப்படியைச் சுற்றி, எத்தனையோ கடற்கரைகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் காற்றைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஆரஞ்சு உரித்தபடி வெயில் காய்கிறார்கள்.

ரயில் மதுராவைத் தாண்டியபோது வெளியே கடுகு வயல்கள் தொடங்கின. புயல்களை ஆண்டுவாரியாக எழுதுகிறவன் நான். சுதாம் வெளியே போனது எந்த ஆண்டுப் புயலில் என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். குறிப்பேட்டில் அந்தப் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் ஆண்டுக்கு இடம் விடாமல் மூடி வைத்தேன்.